அரக்குக் காருக்குப் பாலிஷ் போட்டவள்

அண்ணா,

இன்று காலை உனக்கு விழவேண்டிய திட்டு வேறொருவர் தலையில் விழுந்துவிட்டது.

ரயில்வே ரோடு பக்கம் புதிதாக ஒரு கார் கழுவும் கொட்டகை போட்டிருக்கிறார்கள். வண்டியை விட்டுவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கழுவித் துடைத்த ஆள், "ஒரு கோட்டு வாக்ஸ் போட்டுத் தரட்டுமா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே டப்பாவைத் திறந்தார். மண்ணெண்ணெயில் வாழைப்பழ எசென்ஸைக் கலந்தது போன்ற அந்த வாசனை வந்ததும் எனக்கு உள்ளங்கை அரித்தது. இருபது வருஷமாகியும் கை மறக்கவில்லை. சரி, போடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்த, வாக்ஸ் தேய்க்கிற பேடு நழுவித் தரையில் விழுந்தது. எடுத்தார், பேன்ட்டில் ரெண்டு தட்டு தட்டினார், நேராகக் கொண்டுபோய் பானட்டில் வைத்தார்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "கீழ விழுந்தத அப்படியே வண்டியில வெக்கறியேய்யா! மண்ணு ஒட்டிக்கினு இருக்குது, கீறிடாதா?" என்று கத்தினேன். அவர் பயப்படவே இல்லை. "ஒண்ணும் ஆவாதும்மா. மெத்துனுதான் இருக்குது, தொட்டுப் பாருங்க" என்றார்.

மெத்துனு. அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் நான் பேசியது எதுவும் அவருக்கு உரியது இல்லை. "மெத்துனு இருந்தா போதுமா? எத்தனை தடவ சொல்றது? ஏழு வருஷமா சொன்னேனே, காதுல ஏறிச்சா?" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். அந்த மனுஷரை நான் பார்த்தே அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவர் என்னையும் பேடையும் மாறி மாறிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாக்ஸ் வேண்டாம் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். செத்துப்போனதால் தப்பித்துக்கொண்டோம் என்று நினைக்காதே.

அந்தக் காரை நீ காஞ்சிபுரத்தில் நம் பிள்ளையார்பாளையத்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்தது தொண்ணூற்றேழோ, எட்டோ. சென்னையில் கடற்கரைப் பக்கம் குடியிருந்த ஒரு டாக்டரிடமிருந்து வாங்கியது. வருஷக்கணக்கில் வெயிலிலும் உப்புக் காற்றிலும் நின்ற வண்டி. கூரையும் பானட்டும் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்துக் கிடந்தன. விரலை வைத்துத் தேய்த்தால் செங்கல் தூள் மாதிரி ஒட்டியது. தறிச் சத்தத்தை நிறுத்திவிட்டு எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்தார்கள். "காரு நல்ல காருதான், கலருதான் செத்துப்போச்சு" என்று ஒருத்தர் சொல்ல, உன் முகம் விழுந்துவிட்டது. புடவைகளை ஏற்றிக்கொண்டு சென்னைக் கடைகளுக்குப் போய் இறங்கும்போது கௌரவமாக இருக்க வேண்டும் என்றுதானே அதை வாங்கினாய்.

நான் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, வெயில் படாத உள்விளிம்பைப் பார்த்தேன். அங்கே நிறம் அப்படியே இருந்தது. நல்ல அரக்கு. முகூர்த்தப் புடவைக்கு நாம் போடுவோமே, அந்த அரக்கு. "கலர் சாகலண்ணா. மேல இருக்கறதுதான் செத்திருக்குது, அடியில உயிரோடதான் இருக்குது" என்றேன். நீ உடனே நம்பினாய். நிற விஷயத்தில் என் பேச்சை நீ ஒருநாளும் தட்டியதில்லை. கடைக்காரர் கொடுத்த நூல் துணுக்கை என்னிடம் நீட்டுவாய். எந்தச் சாயம் எவ்வளவு கூட வேண்டும் என்று நான் பார்த்துச் சொல்வேன். பட்டறையில் அப்படியே போடுவார்கள். உன் தொழிலில் என் வேலை அதுதான். நான்கு பேருக்கு முன்னால் அதைச் சொல்லிக்கொள்ள மட்டும் உனக்கு வாய் வராது.

அப்போது நான் ஆரணியிலிருந்து திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கட்டிக்கொடுத்த இடத்தில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, போதும் என்று நான் சொன்னதும் நீதான் வந்து கூட்டிக்கொண்டு வந்தாய். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் என்னை உட்காரவைத்து, செய்யாறில் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தாய். அதற்காக உன்னைக் கும்பிடுவேன். அதனால்தான் உன் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியாமல் இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு முடியும் போலிருக்கிறது.

அன்றைக்கு வாசலில் வைத்து நீயாகத்தான் சொன்னாய். நான் கேட்கவில்லை. "இத மட்டும் மூஞ்சி தெரியற மாதிரி ஆக்கிட்டன்னு வெச்சிக்கோ, உனக்கு வண்டி ஓட்டக் கத்துத் தரேன் பாப்பா." அண்ணி நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. எனக்கு ஏதாவது ஒன்று வேண்டும் என்று அதற்கு முந்தின மூன்று வருஷத்தில் நான் நினைத்ததே இல்லை. அந்த நிமிஷம் நினைத்தேன். அந்த ஸ்டீயரிங் எனக்கு வேண்டும். இந்தத் தெருவிலிருந்து நானாக வண்டி எடுத்துக்கொண்டு திருமுக்கூடல் வரைக்கும் போய், ஆறுகள் சேருகிற இடத்தில் நிறுத்தி, யாரையும் கேட்காமல் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஆசைக்காக நான் எப்படி வேலை செய்தேன் என்பதை நீ பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ பார்த்ததை ஊருக்கு வேறு மாதிரி சொன்னாய்.

கடைக்காரர் கொடுத்த ரப்பிங் காம்பவுண்டை அப்படியே பூசிப் பழந்துணியால் தேய்க்க விடவில்லை நான். ஐயம்பேட்டை ரோட்டில் கார் பெயின்ட் அடிக்கிற பாயிடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். கேள்வி எல்லாம் நான் கேட்டேன், அவர் பதில் எல்லாம் உனக்குச் சொன்னார். காம்பவுண்டு என்பது களிம்பாக இருக்கிற உப்புத்தாள்தான், பெயின்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்றார். வெயிலில் போடக் கூடாது, ஓரங்களில் அழுத்தவே கூடாது, ஓரத்தில் பெயின்ட் மெல்லிசாகத்தான் நிற்கும் என்றார். நீ தலையாட்டினாய். நான் மனதில் எழுதிக்கொண்டேன். வாடகை நூலகத்தில் பழைய கார் பத்திரிகைகள் கிடந்தன. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அவற்றைப் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டின் பக்கவாட்டு நிழல் பத்து மணி வரைக்கும் காரின் மேல் விழும். அதற்குள் வேலை முடிய வேண்டும். முதலில் ஷாம்பு போட்ட தண்ணீர் ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. துணி துவைக்கிற சோப்பு ஆகாது. கழுவி, ஈரம் ஒற்றி, முதல் தடவை பின்கதவின் அடியில் யார் கண்ணிலும் படாத இடத்தில் கையகலம் தேய்த்துப் பார்த்தேன். சரியாக வந்தது. அப்புறம் ஒரு முழச் சதுரம், அது முடிந்ததும் அடுத்த சதுரம். காம்பவுண்டுக்குக் கொஞ்சம் முரட்டு பேடு. அது விட்டுப்போகிற மங்கலை எடுக்க, நைசான பாலிஷும் மிருதுவான பேடும். கடைசியில் வாக்ஸ், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக. ஒவ்வொரு சதுரத்துக்கும் பேடு சிவந்துபோகும். பழைய பெயின்ட் அதில் ஏறிக்கொள்ளும். உடனே பல் துலக்குகிற பிரஷ்ஷால் சீவி, அலசி, காயவைத்துத்தான் மறுபடி எடுப்பேன். ஒரு மருந்துக்கு எடுத்த பேடை இன்னொன்றுக்குத் தொட மாட்டேன்.

இரண்டாம் வருஷம் அண்ணியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தான். நீ சென்ட்டு பாட்டில் கேட்டிருந்தாய். நான் மூன்று ஃபோம் பேடு கேட்டிருந்தேன். ஆரஞ்சு, வெள்ளை, கறுப்பு. அண்ணி அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பாத்திரம் தேய்க்கறதையா அவ்ளோ தூரத்துலருந்து தூக்கிக்கினு வந்த?" என்று தம்பியைக் கேட்டாள். அன்று நாம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குப் பிடிக்கும்.

முதல் தடவை பானட் முழுசாக முடிந்த காலை நினைவிருக்கிறதா? நீ பல் துலக்கிக்கொண்டே வந்து குனிந்தாய். உன் முகம் தெரிந்தது. பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டாய். "எப்பண்ணா ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டேன். "வர்ற ஞாயித்துக்கெழம" என்றாய்.

அந்த ஞாயிறு வரும்போது பானட்டில் கீறல் இருந்தது. நிழலில் தெரியாது. வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாக, மயிரிழைக் கீறல்கள். "இன்னும் கீறல் இருக்குதே பாப்பா. இத முடிச்சிடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். நியாயம்தானே என்று நினைத்தேன். மறுபடி பாலிஷ் போட்டேன். போயிற்று. நீ சென்னைக்கு இரண்டு தடவை போய்வந்தாய். மறுபடி கீறல். "என்னமா இது, உன் கைல எதோ தப்பு இருக்குது போல."

என் கையில்தான் தப்பு என்று நான் நம்பினேன், அண்ணா. மூன்று வருஷம் நம்பினேன். பேடில் மண் ஒட்டியிருக்கும் என்று நல்ல பேடுகளைத் தூக்கிப் போட்டேன். தண்ணீரில் மணல் இருக்கும் என்று வேட்டித் துணியில் வடிகட்டிக் கழுவினேன். வளையலைக் கழற்றினேன். மோதிரத்தைக் கழற்றினேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். ஆரணியிலும் எதற்கெடுத்தாலும் என் கையில்தான் தப்பு என்பார்கள். இங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது என்று ஒருநாள் கொல்லையில் உட்கார்ந்து அழுதேன். நீ தறிக்குப் பாவு வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாய்.

நடுவில் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய் எல்.எல்.ஆர். வாங்கி வந்தேன். என் போட்டோ ஒட்டிய காகிதம். அதை வாங்கி, "பத்திரமா வெக்கறேன் குடு" என்று பீரோவில் வைத்துப் பூட்டினாய். ஆறு மாதம் அங்கேயே கிடந்து காலாவதியானது. நான் ஞாபகப்படுத்தியபோதெல்லாம் உனக்கு ஆடிக்கு ஆர்டர், தீபாவளிக்கு ஆர்டர், முகூர்த்த நாள். அதெல்லாம் பொய் இல்லை. உண்மையான காரணம் அவற்றில் ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஒரு ஆயுத பூஜைக்கு முந்தின நாள், காரின் உள்ளே துடைக்கலாம் என்று முன்சீட்டுக்கு எதிரே இருக்கிற, மூடி போட்ட சின்ன அறையைத் திறந்தேன். ரசீதுகளுக்குக் கீழே ஒரு துணி சுருட்டி வைத்திருந்தது. இழுத்தேன். முந்தானைத் துண்டு. வெட்டு விழுந்து ஒதுக்கிய புடவையிலிருந்து கிழித்தது. ஒரு முழம் பட்டு, அதில் முக்கால் முழம் ஜரிகை. அந்த ஜரிகை இழைகளுக்கு நடுவே அரக்குத் தூள் அப்பியிருந்தது. என் பேடில் எந்தத் தூள் ஏறுமோ அதே தூள்.

நான் அதை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே வந்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

"இதால காரத் தொடச்சியா?"

"ஆமா. கடைக்கு முன்னாடி நிறுத்தறதுக்கு முந்தி தூசி இருக்குமில்ல, ஒரு தொட தொடச்சிட்டு எறங்குவேன்."

"எத்தினி நாளா?"

"வாங்கனதுலருந்துதான். ஏன்மா? பட்டுதான? பட்ட வுட மெத்துனு இன்னா இருக்குது உலகத்துல?"

ஜரிகைப் பக்கத்தை உன் முகத்துக்கு நேரே விரித்தேன். "பட்டு மெத்துனுதாண்ணா இருக்குது. இது ஜரிகை. வெள்ளிக் கம்பி. கம்பியால தேச்சிருக்கற."

நீ சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாய். "வெள்ளி கூட மெத்துனுதான் பாப்பா" என்றாய்.

ஜரிகையைக் கல்லில் உரசி அசலா போலியா என்று சொல்கிறவன் நீ. மடிக்கும்போது ஜரிகைப் பக்கம் பட்டுப் பக்கத்தில் உரசினால் புடவை போச்சு என்று நடுவில் வெள்ளைத் துணி வைத்து மடிக்கச் சொல்லி, வேலைக்காரர்களைத் தினமும் திட்டுகிறவன் நீ. ஊரில் வேறு யார் செய்திருந்தாலும் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடுவேன். நம் ஊர்க்காரனுக்குப் பட்டு என்றால் சாமி, அது ஒரு கெடுதலும் செய்யாது என்று கண்ணை மூடிக்கொள்வான். அந்த முட்டாள்தனத்தையும் நான் மன்னித்துவிடுவேன். ஆனால் என் கையில் தப்பு என்று நீ சொன்ன அத்தனை நாளும் அந்தத் துணி அந்த அறைக்குள்தான் இருந்தது. அதற்குள் கீறலை எடுத்து எடுத்து பெயின்ட் தேய்ந்துபோயிற்று. பானட்டின் முன் ஓரத்தில், பாய் அழுத்தாதே என்று சொன்ன அதே ஓரத்தில், கட்டை விரல் அளவு சாம்பல் நிறப் பிரைமர் எட்டிப் பார்த்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களிடம் நீ என்ன சொன்னாய்? "எந் தங்கச்சி தேச்சித் தேச்சே பெயின்ட்ட எடுத்துட்டா" என்று சிரித்தாய். அவர்களும் சிரித்தார்கள். நான் காபி கொண்டுவந்து வைத்தேன்.

அன்றைக்குத் துணியை அடுப்பில் போட்டுவிட்டுக் கேட்டேன். "இனிமே கீறல் வராது. எப்ப கத்துத் தர?"

நீ கை கழுவினாய். துண்டில் துடைத்தாய். நெடுநேரம் துடைத்தாய். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். "பாப்பா, நீ வூட்டுக்குத் திரும்பி வந்தவ. நீ பாட்டுக்குக் கார எடுத்துக்கினு போனா, எங்க போறா, யாரப் பாக்கப் போறான்னு ஊரு கேக்கும். இப்பவே பேசிக்கினுதான் இருக்கறானுங்க. உன் நல்லதுக்குதான் சொல்றேன்."

அண்ணி, "இன்னாங்க பேச்சு இது?" என்றாள். அதோடு உன் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு அவளும் உள்ளே போய்விட்டாள்.

மூன்று மாதம் நான் அந்தக் காரைத் தொடவில்லை. தூசி படிந்தது, காக்கை எச்சம் காய்ந்து வெள்ளைத் தடம் விழுந்தது. நீயாக ஒரு நாள் கழுவப் பார்த்துச் சட்டையை நனைத்துக்கொண்டதுதான் மிச்சம். பிறகு ஒரு மாலை சமையலறை மேடையில் புது வாக்ஸ் டப்பா ஒன்றை வைத்துவிட்டுப் போய்விட்டாய். மன்னிப்பு என்ற சொல் உன் வாயில் வராது, டப்பாதான் வரும். அடுத்த ஞாயிறு நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். உன் மேல் வருகிற கோபத்தில் பாதி, அப்படிப் போன என் மேல் வருகிற கோபம்தான். அந்த நிறத்தை அப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை. இல்லை, இதுவும் முழு உண்மை இல்லை. இன்னும் கொஞ்சம் பளபளவென்று ஆக்கிவிட்டால் நீ மனசு மாறுவாய் என்று முப்பத்தொரு வயதிலும் நினைத்தேன். எவ்வளவு அசடு நான்.

இன்னும் மூன்று வருஷம் போனது. பேடுகளும் மருந்துகளும் எனக்கு அதற்குள் நன்றாகப் பழகிவிட்டிருந்தன. தேய்ந்த ஓரத்தைத் தொடாமல் சுற்றிப் போகவும், மற்ற இடங்களில் மருந்தே தெரியாமல் ஒளி எடுக்கவும் தெரிந்துகொண்டேன். சென்னைக் கடைக்காரர் ஒருவர், "இந்த வயசுக் காரு இப்டி இருந்து நான் பாத்ததே இல்ல" என்றாராம். நீ வந்து சொன்னாய். யார் செய்தது என்று அவரிடம் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை.

வைகாசியில் கருட சேவை அன்று. அண்ணியும் பிள்ளைகளும் விடியும் முன்பே சின்ன காஞ்சிபுரம் போய்விட்டார்கள். தெருவே காலி. ஏழரை மணி இருக்கும். நீ கட்டிலில் உட்கார்ந்து மார்பைப் பிடித்துக்கொண்டிருந்தாய். சட்டை முழுக்க வேர்வை. "வாயுதான்" என்றாய். உன் முகத்தின் நிறத்தை நான் பார்த்தேன். நிறம் பார்க்கிறவளிடம் பொய் சொல்ல முடியாது. தெருமுனை வரைக்கும் ஓடினேன். ஆட்டோ எல்லாம் கோயில் பக்கம் போயிருந்தன. வண்டி ஓட்டத் தெரிந்த ஆண்பிள்ளை ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. திரும்பி ஓடி வந்தேன். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டிருந்தாய். கையில் சாவி.

"நீ எடு" என்றாய்.

"எனக்குத் தெரியாதே!" என்று கத்தினேன். அந்த நேரத்திலும் ஆத்திரம்தான் வந்தது, பயம் அதற்கப்புறம்தான் வந்தது.

"நான் சொல்றேன். எடு பாப்பா."

பின்சீட்டில் உன்னைப் படுக்க வைத்தேன். ஏழு வருஷம் நான் துடைத்த கதவைத் திறந்து, ஒரு தடவைகூட உட்காராத இடத்தில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து உன் குரல் மூச்சு வாங்கி வாங்கி வந்தது. "எடது காலு கிளட்ச்சு. முழுசா அழுத்து. சாவியத் திருப்பு. கியர எடப்பக்கம் தள்ளி மேல போடு. இப்ப கிளட்ச்ச மெதுவா வுடு. மெதுவா." வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. "பரவால்ல. மறுபடியும்." அணைந்தது. "பரவால்ல பாப்பா. அவசரப்படாத." மூன்றாம் தடவை நகர்ந்தது.

நீ திட்டவே இல்லை. அதை நான் எங்கே போய்ச் சொல்ல? தறிக்காரர்களைத் திட்டுவாய், பிள்ளைகளைத் திட்டுவாய், டிபனில் உப்பு குறைந்தால் திட்டுவாய். அந்தச் சந்துகளுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தபடி, இவ்வளவு பொறுமையாக ஒருவருக்குச் சொல்லித்தர உன்னால் முடிந்திருக்கிறது. இரண்டாவது திருப்பத்தில் இடதுபக்கம் சுவரில் போய் உரசினேன். முன்கதவில் தொடங்கிப் பின்சக்கரம் வரைக்கும் ஒரே கிறீச்சு. நான் அலறிவிட்டேன். "அண்ணா, பெயின்ட்டு!"

"பெயின்ட்டுதானமா" என்றாய். "வுடு. போ."

பெயின்ட்டுதானமா. ஏழு வருஷம் எதைக் காட்டி என்னை நிறுத்திவைத்தாயோ, அதைப் பற்றி நீ சொன்னது இதுதான். அந்தச் சந்திலேயே வண்டியை நிறுத்தி, திரும்பி உன் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். கேட்க நேரமில்லை. "ரெண்டாவது கியரு போடு" என்றாய். போட்டேன். மூன்றாவது போடவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பிரேக்கை ஓங்கி மிதித்து நிறுத்தினேன். ஸ்ட்ரெச்சரில் உன்னைத் தூக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்து, "ஹேண்ட் பிரேக்கு" என்றாய். போய் அதைப் போட்டுவிட்டு வருவதற்குள் உன்னை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய். அதற்கு நடுவில் நீ யாரிடமும் பேசவில்லை.

இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எந்த டாக்டரையும் கேட்கவில்லை. இரண்டு தடவை அணையாமல், முதல் தடவையே வண்டி கிளம்பியிருந்தால்? எல்.எல்.ஆர். பீரோவில் கிடக்காமல் என் கையில் இருந்திருந்தால்? எதைக் கேட்டாலும் நீதான் பதில் சொல்ல வேண்டும், நீ இல்லை. என்னை மட்டுமா ஏமாற்றினாய்? உன்னையும் சேர்த்துத்தான்.

இன்னொன்றும் கேள். நீ அவ்வளவு பயந்தாயே அந்த ஊர், அது ஒன்றும் சொல்லவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் காரின் இடதுபக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "நல்ல வேளம்மா, நீயாவது இருந்த" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கே போறா, யாரப் பாக்கப் போறா என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன், அண்ணியை உட்காரவைத்துச் சென்னைக் கடைகளுக்குப் போனேன், நூல் துணுக்கை நானே நேரில் வாங்கி வந்தேன். ஊர் உன் தலைக்குள் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது, அண்ணா.

காரியம் எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த டிரைவிங் பள்ளியில் சேர்ந்தேன். முதல் நாள் மைதானத்தில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது கிளட்ச்சு, இது பிரேக்கு" என்று ஆரம்பித்தார். நான் சாவியைத் திருப்பி, கிளட்ச்சை மெதுவாக விட்டேன். வண்டி குலுங்காமல் நகர்ந்தது. ரெண்டாவது கியர் போட்டேன். மைதானத்தை ஒரு சுற்று சுற்றி நிறுத்தி, அவர் சொல்லுமுன் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

"ஏற்கனவே யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்களேம்மா" என்றார்.

"எங்க அண்ணன்."

"எத்தினி நாளு?"

"பத்து நிமிஷம்."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். "அப்ப நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காரு" என்றார்.

ஆமாம் அண்ணா, நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தாய். இன்றைக்கும் ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும், மெதுவா, மெதுவா என்று பின்சீட்டிலிருந்து நீதான் சொல்கிறாய். நல்லாச் சொல்லித்தர உனக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.